பெயரிட்டு ஆள்க!

(வழங்கிப் பட்டியல் எழுதும் முறை பற்றிய சொற்பொழிவு)



தாம்பரத்துக்குத் தென்கிழக்கே, முன்பு பழைய மாமல்லபுரச் சாலை என்றும் இன்று இராசீவ் காந்தி சாலை என்றும் வழங்கும் நெடுஞ்சாலையின் ஓரத்தில், நாவலூருக்கும் கேளம்பாக்கத்துக்கும் இடையே அமைந்த ஊர் சிறுசேரி. 1971-இல் தமிழக அரசு தோற்றுவித்த சிப்காட் நிறுவனத்தின் தகவல் தொழில்நுட்பப் பூங்கா இங்குள்ளது. காலையும் மாலையும் தாம்பரம், பல்லாவரம், வண்டலூர்ப் பக்கங்களினின்று ஆயிரக்கணக்கான இளையோர் இவ்வூருக்கு வந்து செல்கின்றனர். 2021-இல் தமிழக அரசு தரவு நடுவங்களுக்கெனத் தனிக் கொள்கை வெளியிட்டது. அதன்பின் மாந்தரினும் பொறிகளே மிகுதியாக வாழும் பெருங்கட்டடங்களும் இப்பூங்காவில் எழுந்து வருகின்றன. அக்கட்டடங்களில் இரவும் பகலும் உறங்காது இயங்குவன வழங்கிகள். வைப்பகக் கணக்கும், தொடர்வண்டி முன்பதிவும், மருத்துவமனை ஏடும், மாணவர் மதிப்பெண்ணும் இத்தகைய பொறிகளில் உறைகின்றன.

பத்துப் பொறிகளை ஒருவர் ஒவ்வொன்றாய்த் திறந்து பார்த்துப் பேணலாம். ஆயிரம் பொறிகளை அங்ஙனம் பேண இயலுமோ? ஒரு பாதுகாப்புத் திருத்தத்தை ஆயிரம் பொறிகளிலும் ஒரே இரவில் ஏற்ற வேண்டுமாயின் என் செய்வது? ஓர் அறையில் அமர்ந்த ஒரே பொறியாளர் அதனைச் செய்து முடிக்கின்றார். அவர் கையிலுள்ள கருவி மிக எளியது. அஃது ஒரு பெயர்ப் பட்டியல். எந்தப் பொறி எங்குளது, எக்குழுவைச் சார்ந்தது, எம்முறையில் அணுகத்தக்கது என்று எழுதி வைத்த ஓர் அமைவுக் கோப்பு. அக்கோப்பை எழுதும் முறையும், அதில் நேரும் இடர்களும், அதில் தமிழுக்குள்ள இடமும் எவை என்பதே இவ்வுரையின் பொருள்.

பட்டியலின் வரலாறு

பொறிகளுக்குப் பட்டியல் எழுதும் வழக்கம் இணையத்தினும் மூத்தது. அமெரிக்க நாட்டில் ஆர்ப்பாநெட்டு என்னும் கணிப்பொறி வலையம் இயங்கிய 1970-களில், அவ்வலையத்தின் பொறிகள் அனைத்தின் பெயரும் எண்முகவரியும் ஒரே கோப்பில் எழுதப்பெற்றிருந்தன. எலிசபெத்து பெயின்லர் என்னும் அம்மையாரின் தலைமையில், இசுட்டான்போர்டு ஆராய்ச்சி நிறுவனத்து நடுவம் ஒன்று அக்கோப்பைப் பேணியது. புதிய பொறி ஒன்று சேர்ந்தால் அந்நடுவத்துக்குத் தெரிவித்தல் வேண்டும். மற்றையோர் திருத்திய கோப்பைப் படியெடுத்துக் கொள்ளல் வேண்டும். பொறிகள் பெருகப் பெருக ஒரு நடுவமும் ஒரு கோப்பும் போதாவாயின. ஆகலின் 1983-இல் பால் மொக்காபெட்ரிசு என்பார் பெயர்களைப் பல அடுக்குகளாகப் பிரித்து, ஒவ்வோர் அடுக்கையும் அவ்வவர் பொறுப்பில் விடும் களப்பெயர் முறையை வகுத்தார். இன்றும் இணையத்தைத் தாங்குவது அம்முறையே.

முகவரி கண்டுபிடிக்கும் சிக்கல் இதனால் தீர்ந்தது. ஆளும் சிக்கலோ தீரவில்லை. ஒரு பொறியின் பெயரை அறிந்த அளவில், அதற்கு என்ன கட்டளை இடத்தக்கது என்பது விளங்குவதில்லை. நெடுங்காலம் பொறியாளர் தத்தமக்குத் தோன்றியவாறு சிறுசிறு நிரல்களை எழுதி, பொறிகளின் பெயர்களை அந்நிரல்களுக்குள்ளேயே புதைத்து வைத்தனர். எழுதியவர் வேலையை விட்டு நீங்கினால், அவர் நெஞ்சில் இருந்த பட்டியலும் அவரோடு நீங்கியது.

இந்நிலையை மாற்ற எழுந்த கருவிகளுள் ஒன்று அன்சிபிள். மைக்கேல் டிகான் என்பார் ஆக்கி 2012-இல் வெளியிட்டது. 1966-இல் உர்சுலா லெ குவின் என்னும் எழுத்தாளர் தம் புதினத்தில், விண்வெளியின் இரு முனைகளுக்கிடையே நொடிப்பொழுதில் செய்தி செலுத்தும் கற்பனைப் பொறிக்கு இட்ட பெயரே இது. 2015-இல் இரெட்டாட்டு நிறுவனம் இக்கருவியை வாங்கியது. கருவியின் மூல நிரல் எவரும் படிக்கவும் திருத்தவும் உரிமை தரும் பொது உரிமத்தில் உள்ளது என்பதை நினைவிற் கொள்க. இவ்வுரையின் முடிவில் அவ்வுரிமை பயன்படும்.

எழுதும் முறை

இக்கருவியின் சிறப்பு, பட்டியலையும் செயலையும் பிரித்ததே. “பூட்டைத் திருத்து” என்று ஒருவர் ஏவினால், “எந்தப் பூட்டை?” என்னும் வினா உடனே எழும். ஏவலுக்குச் செயப்படுபொருள் வேண்டும். அன்சிபிளில் செயலேடு என்பது ஏவல். வழங்கிப் பட்டியல் என்பது செயப்படுபொருள். ஏவலை ஒருமுறை எழுதிப் பொருளை மாற்றி மாற்றிப் பயன்படுத்தலாம். ஆளப்படும் லினக்சுப் பொறிகளில் தனி முகவர் நிரல் எதனையும் நிறுவ வேண்டுவதில்லை. எசு.எசு.எச். எனப்படும் மறையாக்கத் தொடர்பு வழியும் பைத்தன் மொழியும் அவற்றில் இருந்தால் போதும்.

பட்டியலை இருவகை எழுத்து முறையில் அமைக்கலாம். ஐ.என்.ஐ. என்னும் பழைய முறையில், சதுர அடைப்புக்குள் குழுவின் பெயரை எழுதி, அதன்கீழ் வரிக்கொரு பொறியின் பெயரை எழுதுவர். யாமல் என்னும் முறையில், உள்தள்ளி எழுதுவதனாலேயே எது தாய், எது சேய் என்பது புலப்படும். எம்முறையில் எழுதினும், எழுதாமலே அமையும் குழுக்கள் இரண்டு உள. பட்டியலிலுள்ள எல்லாப் பொறிகளையும் கொண்டது ஒன்று; எக்குழுவிலும் சேராத பொறிகளைக் கொண்டது மற்றொன்று.

ஐம்பது பொறிகளுக்கு ஐம்பது வரி எழுத வேண்டுமோ எனின், வேண்டா. பெயருக்குள் சதுர அடைப்பிட்டு 01 முதல் 50 வரை என எல்லை குறித்தால் ஒரு வரியே ஐம்பது பொறிகளைக் குறிக்கும். பொறிக்கு வழக்குப் பெயர் ஒன்றும் உண்மை முகவரி வேறொன்றும் இருக்கலாம். பெயருக்கருகே முகவரியையும் நுழைவாயில் எண்ணையும் பயனர் பெயரையும் குறித்தால் கருவி அவ்வழியே சென்று தொடும். நுழைவாயில் எண் குறிக்கப்படாவிடின், எசு.எசு.எச். வழியின் இயல்பான 22 என்பதே கொள்ளப்படும்.

இனிக் குழு வகுக்கும் முறை. ஒரு பொறி ஒரே குழுவில்தான் அடங்க வேண்டும் என்னும் கட்டாயம் இல்லை. என்ன, எங்கு, எப்பொழுது என்னும் மூன்று வினாக்களுக்கு விடையாகக் குழு வகுக்குமாறு அக்கருவியின் கையேடு அறிவுறுத்துகிறது. தரவுத்தளமா, வலைவாயிலா என்பது ‘என்ன’. சிறுசேரியில் உள்ளதா, அம்பத்தூரில் உள்ளதா என்பது ‘எங்கு’. ஆய்வு நிலையில் உள்ளதா, மக்கள் பயன்பாட்டு நிலையில் உள்ளதா என்பது ‘எப்பொழுது’. தமிழ் கற்றார்க்கு இப்பகுப்புப் புதிதன்று. நிலமும் பொழுதும் முதற்பொருள் என்று தொல்காப்பியம் வகுத்தது. ஒரு பொருளை அறிய, அது நிற்கும் நிலத்தையும் பொழுதையும் முதலில் அறிதல் வேண்டும் என்னும் தெளிவு தமிழர் இலக்கணத்தில் ஊறியது. பொறிப் பட்டியலில் நிலம் என்பது தரவு நடுவம்; பொழுது என்பது பொறியின் வளர்நிலை.

இங்ஙனம் வகுத்துக் கொண்டால் ஏவல் கூர்மை பெறும். தரவுத்தளக் குழுவின் பெயரையும் சிறுசேரிக் குழுவின் பெயரையும் உரிய குறியால் இணைத்தால், இரண்டிலும் உள்ள பொறிகளை மட்டும் கருவி எடுத்துக்கொள்ளும். வியப்புக் குறியிட்டு ஒரு குழுவை விலக்கவும் செய்யலாம். குழுக்களையே உறுப்பாகக் கொண்ட பெருங்குழுவும் அமைக்கலாம். சிறுசேரியும் அம்பத்தூரும் சேர்ந்து சென்னை என்னும் தாய்க்குழு ஆவதுபோல.

பொதுநெறியும் சிறப்புநெறியும்

குழுக்களோடு மாறிகளையும் எழுதலாம். மாறி என்பது பொறிக்குப் பொறி வேறுபடக்கூடிய குறிப்பு. எடுத்துக்காட்டாக, பொறிகள் தம் கடிகாரத்தைச் சரிபார்க்கும் நேர வழங்கியின் முகவரி. எல்லாப் பொறிகளுக்கும் பொதுவாக ஒரு முகவரியை எழுதி, சென்னைத் தாய்க்குழுவுக்கு மற்றொன்றையும், சிறுசேரிச் சேய்க்குழுவுக்கு வேறொன்றையும், அக்குழுவிலுள்ள ஒரே ஒரு பொறிக்குத் தனி முகவரியையும் எழுதினால், எது வெல்லும்? அனைத்துக் குழுவினும் தாய்க்குழு வலிது. தாய்க்குழுவினும் சேய்க்குழு வலிது. சேய்க்குழுவினும் தனிப்பொறி வலிது. பொதுநெறியைச் சிறப்புநெறி விலக்கும் என்னும் இலக்கணக் கோட்பாடே இங்கு ஆள்கிறது.

இளையோர் பெரிதும் வழுக்கும் இடம் இதற்கு அடுத்தது. ஒரே படிநிலையில் உள்ள இரண்டு குழுக்களில் ஒரு பொறி இருந்து, இரண்டு குழுக்களும் ஒரே மாறிக்கு வெவ்வேறு மதிப்புத் தந்தால், குழுப்பெயர்களின் அகரவரிசையில் பின்னே வருவது வெல்லும். பெயரை மாற்றினால் வெற்றியும் மாறும்! ஒரு குழுவுக்கு அழகான பெயர் இடுவோம் என்று ஒருவர் மாற்ற, எங்கோ ஒரு பொறியின் நடத்தை மாறிப்போகும். ஆகலின் குழுக்களுக்கு முதன்மை எண் தந்து வெளிப்படையாக வரையறுத்தலோ, ஒரு மாறியை ஒரே வகைக் குழுவில் மட்டும் வைத்தலோ வேண்டும்.

மற்றொரு வழுக்குமிடமும் உண்டு. ஐ.என்.ஐ. முறையில், பொறியின் பெயர் உள்ள வரியிலேயே எழுதிய மதிப்பைக் கருவி பைத்தன் மொழியின் மதிப்பாகப் பொருள் கொள்ளும். குழுவின் மாறிப் பகுதியில் எழுதியதை வெறும் எழுத்துத் தொடராகவே கொள்ளும். மெய், பொய் என்னும் ஏரண மதிப்புகளை எழுதும்போது ஓரிடத்தில் ‘பொய்’ என்பது பொய்யாகவே நிற்க, மற்றோரிடத்தில் வெறுஞ்சொல்லாகிவிடும். யாமல் முறையிலோ தாவல் இடைவெளியை உள்தள்ளுதற்குப் பயன்படுத்தல் ஆகாது. வெற்றிடங்களையே எண்ணி இட வேண்டும். மாறிகள் பெருகினால் அவற்றைப் பட்டியலிலேயே திணிக்காமல், குழுவுக்கொரு கோப்பும் பொறிக்கொரு கோப்புமாகத் தனி அடைவுகளில் வைத்தலே நன்று.

பெயர்ப்பிழையின் விலை

ஒரு பெயரில் நேரும் பிழை எத்துணைப் பெரிய கேட்டை விளைக்கும்? 2017-ஆம் ஆண்டு சனவரி 31-இல் கிட்லேப் என்னும் நிறுவனத்தில் நேர்ந்ததை அந்நிறுவனமே உலகறிய எழுதியுள்ளது. அவர்களிடம் இரண்டு தரவுத்தள வழங்கிகள் இருந்தன: முதன்மைப் பொறி ஒன்று, அதன் படியான துணைப் பொறி ஒன்று. இரண்டின் பெயர்களுக்கும் வேறுபாடு 1, 2 என்னும் எண் மட்டுமே. நள்ளிரவை ஒட்டித் துணைப் பொறியின் அடைவை அழிப்பதாக எண்ணிய பொறியாளர், முதன்மைப் பொறியின் அடைவை அழிக்கக் கட்டளை இட்டார். ஓரிரு நொடியில் உணர்ந்து நிறுத்துவதற்குள் ஏறத்தாழ 300 கிகாபைட்டுத் தரவு அழிந்தது. ஆறு மணிநேரத் தரவு மீளாமலே போயிற்று. எந்தப் பொறியில் நிற்கிறோம் என்பதைத் திரையில் தெளிவாகக் காட்ட வேண்டும் என்பது அவர்கள் பின்னர்க் கண்ட தீர்வுகளுள் ஒன்று. அதே ஆண்டு பிப்ரவரி 28-இல் அமேசான் நிறுவனத்தின் முகில் சேமிப்பகத்தில், சில வழங்கிகளை நீக்க எண்ணிய கட்டளையில் ஒரு குறிப்புத் தவறிப் பதியவே, எண்ணியதினும் பல வழங்கிகள் நீங்கின. அச்சேமிப்பகத்தை நம்பியிருந்த இணையத் தளங்கள் பல, சில மணிநேரம் முடங்கின.

அப்பொறியாளர்கள் திறம் குறைந்தவர் அல்லர். 1 என்றும் 2 என்றும் பெயரிட்ட முறை, களைத்த கண்ணுக்கு வேறுபாட்டைக் காட்டவில்லை. ஆகலின் பட்டியல் எழுதுவோர் பின்பற்றத்தக்க ஒழுங்குகள் சிலவுள.

ஆய்வுப் பொறிகளையும் மக்கள் பயன்பாட்டுப் பொறிகளையும் ஒரே கோப்பில் எழுதற்க. இரண்டு கோப்பாயின், ஆய்வுக் கோப்பைக் கொண்டு ஏவும் கட்டளை பயன்பாட்டுப் பொறியைத் தொடவே மாட்டாது. ஏவுமுன், அவ்வேவல் எந்தெந்தப் பொறியைத் தொடும் என்று பெயர்களை மட்டும் காட்டச் சொல்லிப் படித்துப் பார்க்க. அதற்கெனக் கருவியிலேயே வசதி உண்டு. குழுக்களின் கிளைப்படத்தைக் காட்டும் தனிக் கட்டளையும் உண்டு. மாற்றம் செய்யாமல் ஒத்திகை பார்க்கும் முறையையும், பெருங்குழுவில் ஒரு பகுதிக்கு மட்டும் ஏவலை வரையறுக்கும் முறையையும் பயன்படுத்துக. கடவுச்சொற்களைப் பட்டியலில் வெளிப்படையாக எழுதற்க. அவற்றை மறையாக்கி வைக்கும் பெட்டகம் அன்சிபிளிலேயே உள்ளது. எவர், எந்நாள், எந்த வரியை, எதற்காக மாற்றினார் என்பது விளங்குமாறு கோப்பைப் பதிப்பு மேலாண்மையில் வைக்க.

முகில் வழங்கிகள் காலையில் தோன்றி மாலையில் மறைவன. அவற்றுக்குக் கையால் எழுதிய பட்டியல் பயன்படாது. நேற்றைய பட்டியல் இன்று பொய்யாகும். அங்கெல்லாம் முகில் நிறுவனத்தையே வினவிப் பட்டியலை அவ்வப்போது ஆக்கிக்கொள்ளும் இயங்குபட்டியல் முறை உண்டு. அம்முறையிலும் குழுப் பகுப்பு, பொறி மீது ஒட்டிய பெயர்க்குறிகளைக் கொண்டே நடைபெறும். பெயர்க்குறி ஒழுங்காக இல்லாவிடின் இயங்குபட்டியலும் இருட்டறையே.

தமிழுக்கு இடமுண்டா?

இத்துணை இன்றியமையாத பெயர்களைத் தமிழில் எழுத இயலுமா என்று தமிழன்பர் வினவுவர். இயலும் இடமும் உண்டு, தடையுள்ள இடமும் உண்டு. உணர்ச்சியை ஒருபுறம் வைத்து உண்மையைக் காண்போர்க்கே வழி புலப்படும்.

ஒருங்குகுறியின் முதற்பதிப்பிலேயே, 1991-இல், தமிழ் எழுத்துகள் இடம்பெற்றன. ஆகலின் பட்டியற் கோப்பில் குறிப்புரைகளைத் தமிழில் எழுதத் தடை ஏதுமில்லை. மாறிகளின் மதிப்புகளையும் தமிழில் எழுதலாம். மாறியின் பெயரை ஆயும் இடத்திலோ, அன்சிபிள் அடிப்படை உரோமன் எழுத்தையும் எண்ணையும் அடிக்கோட்டையும் மட்டுமே ஏற்கிறது. குழுப்பெயர் தமிழில் இருப்பின் எச்சரிக்கை காட்டுகிறது. அவ்வெச்சரிக்கையின் கரணியம் ஆராயத்தக்கது.

ஒருங்குகுறியில் ‘கா’ என்பது ககரமும் கால்குறியுமாக இரண்டு குறிகளால் எழுதப்படுகிறது. ‘ம்’ என்பது மகரமும் புள்ளியும். எழுத்தா, அன்றா என்று ஆயப் பைத்தன் மொழியின் ஒரு பொதுக்கருவியை அன்சிபிள் பயன்படுத்துகிறது. அக்கருவி அகரமேறிய மெய்யை எழுத்து என்று ஏற்கிறது. உயிர்க்குறிகளையும் புள்ளியையும் எழுத்து என்று ஏற்பதில்லை. எனவே ‘அகல’ என்னும் சொல் தேறும். ‘அகலம்’ என்னும் சொல் தேறாது! தொல்காப்பியர் மெய்யின் இயற்கையாகக் கண்ட புள்ளியை, எழுத்துக்குப் புறம்பான கறையாக ஒரு நிரல் கருதுகிறது.

இக்குறை தமிழின் குறையன்று. ஒருங்குகுறியின் குறை என்றும் சொல்லல் ஆகாது. அதே பைத்தன் மொழி, 2008-இல் வெளிவந்த தன் மூன்றாம் பதிப்பு முதல், நிரலில் வரும் பெயர்களைத் தமிழில் எழுத இடந்தருகிறது. ‘அகலம்’ என்பதை முறையான பெயராகவே கொள்கிறது. ஒரு வீட்டின் முன்வாயில் திறந்திருக்க, ஓர் உள்ளறையின் தாழ் மட்டும் பழையதாய் இருப்பதை ஒத்தது இது. தாழைச் செய்தவர் தமிழைப் பகைத்தவர் அல்லர். தமிழ் எழுதுவோர் இவ்வாயிலுக்கு வருவர் என்று நினையாதவர். நினைவூட்டும் கடமை தமிழ்ப் பொறியாளர்க்கே உண்டு. கருவியின் மூல நிரல் திறந்து கிடக்கிறது. குறையை முறையாக எழுதித் திருத்தத்தையும் உடனனுப்ப எவர்க்கும் உரிமையுண்டு. சிறுசேரியில் அமர்ந்து உலகின் பொறிகளை ஆளும் இளையோர்க்கு இத்திருத்தம் மலையன்று.

அதுவரை செய்யத்தக்கன யாவை? குழுப்பெயரை உரோமன் எழுத்தில் வைத்து, அதன்மேல் தமிழில் ஒரு வரி குறிப்புரை எழுதுக: இக்குழு எதற்காக, எவர் பொறுப்பில், எதனைச் செய்தல் ஆகாது என்று. நள்ளிரவில் களைத்துப் போய்த் திரைமுன் அமர்ந்த பொறியாளர்க்கு, “இது மக்கள் பயன்படுத்தும் பொறி, கை வைக்குமுன் மற்றொருவரைக் கேள்” என்னும் தாய்மொழி வரி, நூறு ஆங்கிலப் பக்கங்களினும் விரைந்து உறைக்கும். வழங்கி, பட்டியல், மாறி, குழு, செயலேடு என்னும் சொற்களைப் பயிற்சி வகுப்பிலும் பணியிடத்திலும் கூசாது வழங்குக. சொல் வழங்கினால்தான் வாழும். அகராதியில் உறங்குவதனால் வாழாது.

பெயரிடுதல் சிறு செயலன்று என்பதைத் தென்சென்னைப் புறநகர் நெடுநாள் முன்பே கண்டது. சிறுசேரிக்குச் சில கல் தொலைவிலுள்ள பல்லாவரத்தில் வாழ்ந்த வேதாசலம் என்னும் பேரறிஞர், 1916-இல் தம் பெயரையே மறைமலையடிகள் என்று மாற்றிக்கொண்டார். பெயரை மாற்றியவர் அதனோடு நில்லாது, அப்பெயரில் நூல்களை எழுதிக் குவித்தார். செயல் தொடர்ந்ததனாலேயே அப்பெயர் நிலைத்தது. பொறிக்கு இடும் பெயருக்கும் இதுவே நெறி. பெயர் இடுவதோடு அமையாது, அப்பெயருக்குரிய பொறியை அறிந்து, பேணி, பட்டியலை நாள்தோறும் மெய்யாக வைத்திருத்தல் வேண்டும்.

அன்பர்களே! கருவியைக் கற்பவர் பலர். கருவியைத் தம் மொழியில் பிறர்க்குக் கற்பிப்பவர் சிலர். பட்டியலின் பொருள் ஒருவர் தலைக்குள் மட்டும் இருந்தால் அவர் இன்றியமையாதவர் ஆகலாம், தொழில் வளராது. சிற்றூரினின்று வரும் மாணவர் ஆங்கிலத் தடுமாற்றத்தால் இக்கலையைக் கண்டு அஞ்சி ஒதுங்கும் நிலை இன்றும் உண்டு. அவர் அறிவிற் குறைந்தவர் அல்லர். விளங்கும் மொழியில் எவரும் அவர்க்குச் சொல்லவில்லை. அங்ஙனம் சொல்லும் பொறுப்பை இப்பணியில் உள்ள ஒவ்வொருவரும் ஏற்க. ஒருவர் ஒருவர்க்கேனும் தமிழில் கற்பிக்க. ஒரு கோப்பிலேனும் தமிழில் குறிப்புரை எழுதுக. ‘அகலம்’ என்னும் சொல் ஒருநாள் தடையின்றித் தேறுமாறு அந்தத் தாழைத் திருத்துக!

வாழ்க தமிழ்! வெல்க உழைப்பு!